மாடும் முயலும்: இரண்டு ஆவணப்படங்களும் அவற்றின் பார்வையாளர்களும்

பொருளாதார ஏற்றத்தாழ்வைப் பற்றிய ஆவணப்படங்களை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் எடுத்தவர்களைத்தான் ஒப்பிடுகிறார்கள். யாருக்குத் துணிச்சல் அதிகம், யாருக்கு நேர்மை அதிகம், யார் கையில் கலை கூடிவந்தது என்று கணக்குப் போடுகிறார்கள். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களை எடைபோடுவது அரிது. எட்வர்ட் ஆர். மரோவின் ‘ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம்’, மைக்கேல் மூரின் ‘ரோஜர் அண்ட் மீ’ ஆகிய இரண்டையும் அந்தக் கோணத்தில் அருகருகே வைத்துப் பார்க்கலாம். முன்னது 1960இல் வந்தது, பின்னது 1989இல் வந்தது. ஒன்று ஊர் ஊராக அறுவடைக்குப் போகும் கூலித் தொழிலாளர்களின் வயலைப் பற்றியது, மற்றது ஃபிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் மூடிய ஆலைகளைப் பற்றியது. படங்கள் எவ்வளவு வேறுபட்டவையோ, அவற்றைப் பார்த்தவர்களின் எதிர்வினைகள் அவ்வளவு நெருங்கிய உறவுடையவை.

முதல் ஒற்றுமை நாள்காட்டியில் இருக்கிறது. மரோவின் படத்தை சிபிஎஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பிய நாள் 1960 நவம்பர் 25, தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு மறுநாள். விருந்துண்டு ஓய்ந்திருந்த வீடுகளுக்குள், அந்த விருந்தின் காய்கறிகளைப் பறித்த கைகள் வந்து நின்றன. மூரின் படம் திரையரங்குகளுக்கு வந்தது 1989 டிசம்பர் 20, கிறிஸ்துமஸ் வாரத்தில். அதன் உச்சக்காட்சியே கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில் நடக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ரோஜர் ஸ்மித் மேடையில் பண்டிகை வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்க, ஃபிளின்ட் நகரில் வாடகை கட்ட முடியாத ஒரு குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான்களோடு கிறிஸ்துமஸ் மரமும் தெருவோரத்துக்கு வருகிறது. மரோ பண்டிகையைப் படத்துக்கு வெளியே, பார்ப்பவரின் வீட்டில் வைத்தார். மூர் அதைப் படத்துக்குள்ளேயே வைத்தார். நிறைவாக இருப்பவர் தம் நிறைவை மறக்க முடியாத நாளில்தான் இல்லாதவரைக் காட்ட வேண்டும் என்ற கணிப்பு இருவருக்கும் பொது.

ஆனால் அந்த நாளில் அவர்கள் பார்வையாளருக்குக் கொடுத்த இடம் ஒன்றல்ல. மரோவின் படம் பார்ப்பவரை முன்னிலையில் நிறுத்துகிறது. நிலவுடைமையாளர் குற்றவாளி என்றால், மலிவு விலையில் தக்காளி வாங்குகிறவருக்கும் அதில் பங்கு உண்டு. சட்டத்தை அசைக்கும் வலு அந்தத் தொழிலாளர்களுக்கு இல்லை, ஒருவேளை நமக்கு இருக்கலாம் என்ற பொருள்படப் பேசித்தான் மரோ படத்தை முடிக்கிறார். மூரின் படம் பார்ப்பவரைத் தன் பக்கத்தில், தன் தோழனாக உட்கார வைத்துக்கொள்கிறது. ஸ்மித்தைத் தேடி மாடி மாடியாக ஏறி இறங்கும் தொப்பிக்காரரோடு நாமும் ஏறி இறங்குகிறோம், அவரைக் காவலர்கள் வெளியேற்றும்போது நாமும் வெளியேற்றப்படுகிறோம். ஆகவே 1960இல் பார்த்தவருக்குக் கூச்சம் வந்தது, 1989இல் பார்த்தவருக்குக் கோபம் வந்தது. கூச்சம் உள்நோக்கிப் போகும், கோபம் வெளியே ஆளைத் தேடும்.

அதிகாரத்தில் இருந்தவர்கள் கேமராவின் முன் நடந்துகொண்ட விதமும் இந்த வேறுபாட்டுக்கு உதவியது. மரோவின் படத்தில் அவர்கள் நாற்காலியில் அமர்ந்து பதில் சொல்கிறார்கள். விவசாயப் பண்ணையாளர்களின் பெரும் சங்கமான அமெரிக்கன் ஃபார்ம் பீரோவின் தலைவர் சார்லஸ் ஷூமன் பேசுகிறார், தொழிலாளர் துறைச் செயலர் ஜேம்ஸ் மிட்செலும் பேசுகிறார். பார்ப்பவர் சொற்களை எடைபோட வேண்டியிருக்கிறது. மூரின் படத்தில் அதிகாரம் பிடிகொடுப்பதில்லை. பார்ப்பவர் ஒரு வெற்றிடத்தை எடைபோட வேண்டியிருக்கிறது. சொல்லை மறுக்கலாம், விவாதிக்கலாம். வெற்றிடத்தோடு விவாதிக்க முடியாது, கைகொட்டிச் சிரிக்கத்தான் முடியும்.

அந்தச் சிரிப்பு தனியாகக் கவனிக்கத் தக்கது. 1960இன் பார்வையாளர் வீட்டுக் கூடத்தில், குடும்பத்தோடு, காசு கொடுக்காமல் பார்த்தார். ஒருவர் வாயடைத்துப் போனால் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. அவருடைய எதிர்வினை மறுநாள் கடிதமாகவோ சாப்பாட்டு மேசைப் பேச்சாகவோதான் வெளிப்பட முடியும். 1989இன் பார்வையாளர் டிக்கெட் வாங்கி, இருட்டில், முன்பின் தெரியாத நூறு பேரோடு பார்த்தார். அங்கே எதிர்வினை உடனுக்குடன் காதில் விழும், பக்கத்து நாற்காலிக்கும் தொற்றும். ஃபிளின்டின் சீமாட்டிகள் கோல்ஃப் மைதானத்தில் நின்று வேலையற்றோருக்கு உபதேசிக்கும்போது எழுந்த சிரிப்பு, ஊரை மீட்கச் சுற்றுலா வரும் என்று நம்பிய நகர அதிகாரிகளின் மீதும் பாய்ந்தது. அதே சிரிப்பு, பிழைப்புக்காக எதையெதையோ செய்துபார்த்த எளிய மனிதர்கள் மீதும் கொஞ்சம் தெறித்தது.

நியூயார்க்கர் இதழின் விமர்சகர் பாலின் கேல் 1990 ஜனவரியில் பிடித்துக்கொண்டது இதைத்தான். உழைக்கும் மக்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தாம் ஓர் அரசியல் நிலைப்பாடு எடுத்துவிட்டதாகவும் நம்பிக்கொள்ளப் படம் இடங்கொடுக்கிறது என்பது அவருடைய குற்றச்சாட்டின் சாரம். இது படத்தின் மீது வைக்கப்பட்ட கண்டனம் மட்டுமல்ல, பார்வையாளர் மீது வைக்கப்பட்ட கண்டனமும்கூட. மரோவின் பார்வையாளர் மீது இப்படி ஒரு குற்றம் சாட்ட முடியாது, அவர் சிரிக்கவில்லை. ஆயினும் தலை குனிந்ததோடு கடமை முடிந்தது என்று அவரும் நினைத்திருக்கக்கூடும். கண்ணீரிலும் சிரிப்பிலும் ஒரே அபாயம் ஒளிந்திருக்கிறது: உணர்ந்ததையே செய்ததாகக் கணக்கில் எழுதிக்கொள்வது.

அடுத்து, படம்பிடிக்கப்பட்ட ஊர்களின் எதிர்வினை. மரோவின் படம் ஃப்ளோரிடாவின் பெல் கிளேட் ஊரில், விடியற்காலையில் கூலியாட்களைக் கூவி அழைத்து லாரிகளில் ஏற்றும் ஆள்பிடிச் சந்தையோடு தொடங்குகிறது. இது காங்கோ அல்ல, ஜோஹானஸ்பர்க் அல்ல, அமெரிக்கா என்று மரோ எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறார். ஃப்ளோரிடாவுக்கு வலித்தது அங்கேதான். அம்மாநில செனட்டர் ஸ்பெஸ்ஸர்ட் ஹாலண்ட் படத்தைக் கடுமையாகச் சாடினார், விவசாய சங்கமும் ஒருதலைப்பட்சம் என்று கண்டித்தது. ஃபிளின்டுக்கு வலித்த இடமும் அதுவே. 1987இல் ‘மணி’ பத்திரிகை அமெரிக்காவில் வாழத் தகுந்த ஊர்களின் பட்டியலில் ஃபிளின்டைக் கடைசியில் போட்டபோது, ஊர்க்காரர்கள் கூடி அந்த இதழைக் கொளுத்தினார்கள். மூரின் படத்தில் அந்தக் காட்சியே இருக்கிறது. பின்னர் ஃபில் டானஹியூ தம் தொலைக்காட்சி உரையாடலை ஃபிளின்டுக்கே கொண்டுவந்தபோது, அதே ஊர் மூரை முன்னிட்டு இரண்டாகப் பிரிந்து நின்றது.

வேறுபாடு, பேசியவர்கள் யார் என்பதில் இருக்கிறது. பெல் கிளேட்டின் சார்பில் கோபப்பட்டவர்கள் மேலே இருந்தவர்கள். லாரியில் ஏறியவர்களுக்கு அந்த ஊரும் சொந்தமில்லை, அடுத்த ஊரும் சொந்தமில்லை, மானம் காக்க அவர்களுக்கென்று ஓர் ஊரே இல்லை. ஃபிளின்டின் சார்பில் கோபப்பட்டவர்களில் வேலை இழந்தவர்களும் இருந்தார்கள். வேலை போன பிறகும் ஊர்ப்பெயர் மிச்சமிருந்தது, அதையும் கெடுக்கிறார்களே என்ற ஆற்றாமை அவர்களுக்கு. வறுமையை விட வறுமை வெளியே தெரிவது அதிகமாகச் சுடும் என்பது நமக்குப் புதிதல்ல. வசதியுள்ளவரையும் இல்லாதவரையும் அந்தச் சூடு ஒரே சொற்களில் பேச வைத்துவிடும் என்பதுதான் இந்த ஒப்பீட்டில் கிடைக்கும் வியப்பு.

இப்போது இரண்டுக்கும் உள்ள பெரிய ஒற்றுமைக்கு வருவோம். இரு படங்களும் வெளிவந்த காலத்திலேயே குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றன. மரோவின் படத்தின் மீது வைக்கப்பட்ட கேள்வி, தேர்வைப் பற்றியது. கூலித் தொழிலாளரின் நிலைமைகளில் மிக மோசமானவற்றை மட்டும் பொறுக்கியெடுத்துக் கோத்திருக்கிறார்கள், நல்ல பண்ணைகள் எங்கே என்று கேட்டார்கள். மூரின் படத்தின் மீது வைக்கப்பட்ட கேள்வி, வரிசையைப் பற்றியது. ‘ஃபிலிம் காமென்ட்’ இதழில் ஹார்லன் ஜேகப்சன் தேதிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ரொனால்ட் ரீகன் ஃபிளின்டுக்கு வந்தது 1980இல், அதிபர் வேட்பாளராக இருந்தபோது. ஆட்டோவேர்ல்ட் கேளிக்கைப் பூங்கா திறந்தது 1984இல். படத்திலோ இவையெல்லாம் 1986இல் அறிவிக்கப்பட்ட ஆலை மூடல்களின் பின்விளைவுபோலத் தோன்றுகின்றன. படம் சொல்லும் 30,000 வேலைகளும் ஒரே அடியில் போனவை அல்ல, பல ஆண்டுகளாகப் படிப்படியாகப் போனவை.

இந்தக் கேள்விகளைப் புறந்தள்ள முடியாது. ஆவணம் என்ற பெயரில் வரும் எதுவும் தேதிக்குக் கட்டுப்பட்டது. தான் சொன்னது ஒரு பத்தாண்டின் கதை என்று மூர் விளக்கினார். இது அங்கதம், இதை ஆண்டறிக்கைபோல வாசிக்கக்கூடாது என்று விமர்சகர் ரோஜர் ஈபர்ட் வாதிட்டார். அந்த வாதத்தில் பொருள் உண்டு, ஆனால் அது ஜேகப்சனுக்கு முழுப் பதில் ஆகவில்லை. மரோ தரப்பின் நிலை இதைவிட வலுவானது. காலை 6 மணி முதல் மாலை 4 மணி வரை காய் பறித்து 1 டாலர் சம்பாதித்த ஒரு தாய் கேமராவின் முன் நின்று அதைச் சொல்லும்போது, வேறு பண்ணையில் வேறொருத்தி கூடுதலாகச் சம்பாதித்தாள் என்பது அந்த ஒரு டாலரை இரண்டாக்கிவிடாது.

குற்றச்சாட்டுகளின் தரம் இப்படி வேறுபட்டாலும், அவை செய்த வேலை ஒன்றே. ‘இந்த மக்களுக்கு ஏன் இப்படி ஆயிற்று’ என்ற கேள்வி, ‘இந்தப் படம் சரியாக எடுக்கப்பட்டதா’ என்ற கேள்வியாக மாறியது. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பண்ணையாரும் நிறுவனமும் சட்டமன்றமும் நுகர்வோரும். இரண்டாம் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இயக்குநர் ஒருவரே. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது இங்கே எழுத்துப் பிசகாமல் நடந்தது. 1990இல் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் மூரின் படம் இடம்பெறாதது பெரிய சர்ச்சையாயிற்று, அது சர்ச்சைக்கு உரியதும்தான். ஆனால் அந்தச் சர்ச்சை முழுவதிலும் ஃபிளின்டின் வேலையிழந்தோர் ஒரு திரைப்படத்தின் சாட்சிகளாக மட்டுமே மிஞ்சினார்கள்.

இத்தோடு நின்றிருந்தால் ஒப்பீடு ஒழுங்கானதாக இருந்திருக்கும், வியப்புக்குரியதாக இருந்திருக்காது. இரு படங்களிலும், ஒன்றை ஒன்று அறியாமல், ஒரு விலங்கு மனிதனின் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது.

மரோவின் படத்தில் அது மாடு. சந்தைக்குப் போகும் கால்நடைகளை 28 மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி, தீனியும் தண்ணீரும் காட்டி, 5 மணி நேரம் இளைப்பாற விட வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம் என்று மரோ விவரிக்கிறார். அறுவடை தேடி வடக்கே போகும் மனிதர்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, லாரிகளில் 10 மணி நேரம்கூட எங்கும் நிற்காமல் போகிறார்கள் என்று அடுத்தே சொல்கிறார். குரல் ஏறுவதில்லை, இரண்டு விவரங்களும் அருகருகே வைக்கப்படுகின்றன, அவ்வளவுதான். மூரின் படத்தில் அது முயல். வருமானத்துக்கு வழியில்லாத ஒரு பெண் தன் வீட்டில் முயல் விற்கிறார், வளர்க்கவும் கிடைக்கும், கறிக்கும் கிடைக்கும். கேமராவின் முன்னேயே ஒன்றை அடித்துக் கொன்று, பேசியபடியே தோலை உரிக்கிறார். சற்று நேரத்தில், சூப்பர்மேன் ஆடை அணிந்து பொம்மைத் துப்பாக்கியோடு நிற்கும் ஒரு கறுப்பின மனிதரைப் போலீசார் சுடுகிறார்கள்.

பார்வையாளர் எதற்குப் பதறினார்? மூர் பின்னாளில் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்: எல்லாரும் முயலைப் பற்றித்தான் பேசினார்கள், சுடப்பட்ட மனிதரைப் பற்றிப் பேசியவர்கள் அரிது. மரோ தம் படத்தில் ஒரு வாதமாக வைத்ததை, மூரின் பார்வையாளர்கள் 29 ஆண்டுகள் கழித்துத் தம் எதிர்வினையாலேயே மெய்ப்பித்தார்கள். மனிதனுக்கு இல்லாத பாதுகாப்பு மாட்டுக்கு உண்டு என்று முதல் படம் சட்டப் புத்தகத்தைக் காட்டிச் சொன்னது. மனிதனுக்கு வராத பதற்றம் முயலுக்கு வருகிறது என்று இரண்டாம் படம் அரங்கத்தையே காட்டிச் சொன்னது.

இதைக் கொண்டு பார்ப்பவர்களின் நெஞ்சு கல் என்று முடிவுகட்டினால் நியாயமாகாது. முயலுக்காகப் பதறும் நெஞ்சு ஈரமுள்ள நெஞ்சுதான். அந்த ஈரம் மனிதனிடம் வரும்போது ஏன் தயங்குகிறது என்பதே கேள்வி. முயலுக்கு இரங்குவதால் பார்வையாளருக்கு எந்தச் செலவும் இல்லை. லாரியில் போகிறவருக்கு இரங்கினால் காய்கறி விலை ஏறும், ஆலைத் தொழிலாளிக்கு இரங்கினால் பங்கின் ஆதாயம் இறங்கும். மாட்டுக்கான சட்டத்தில் இரக்கத்தோடு இன்னொரு கணக்கும் கலந்திருக்கிறது: மாட்டுக்கு உடையவர் உண்டு, வழியில் செத்தால் நட்டம் அவருக்கு. முன்பு அடிமைகளை விலைக்கு வாங்கினோம், இப்போது வாடகைக்கு எடுக்கிறோம் என்று ஒரு பண்ணையாளர் சொன்னதாக மரோவின் படத்தில் வருகிறது. பலரை உறைய வைத்த அந்தப் பேச்சின் உள்ளே இருப்பதும் இதே கணக்கு. ஃபிளின்டிலும் அதுவே. ஆலை நிறுவனத்தின் ஏட்டில் சொத்து, தொழிலாளி செலவு. செலவைக் குறைத்ததற்காக எந்தக் கணக்கரும் வருந்துவதில்லை.

எடுத்தவர்களும் தம் படங்களுக்குப் பார்வையாளர்களே, அவர்களின் எதிர்வினையையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். மரோ 1961இல் கென்னடி அரசில் அமெரிக்கத் தகவல் முகமையின் தலைவரானார். பதவியேற்ற கையோடு, பிபிசி தம் படத்தை ஒளிபரப்பாமல் தடுக்கப் பார்த்தார். பிபிசியின் தலைவர் ஹியூ கார்ல்டன் கிரீன் மறுத்துவிட்டார், படம் பிரிட்டனில் ஓடியது, செய்தி கசிந்து மரோவின் பெயருக்குத் தீராத வடுவாயிற்று. மூர் நேரெதிர்த் திசையில் போனார். படத்தை 30 லட்சம் டாலருக்கு வாங்கிய வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்திடம், படத்தில் வீடு இழந்த குடும்பங்களுக்கு இரண்டு ஆண்டு வாடகையைத் தரச் செய்தார். 1992இல் ஃபிளின்டுக்குத் திரும்பி, அந்த முயல்காரப் பெண்ணின் விளம்பரப் பலகையின் சொற்களையே தலைப்பாக்கி ஒரு தொடர்ச்சிப் படமும் எடுத்தார். ஒருவர் தம் படத்தை வெளியார் பார்ப்பதற்கு அஞ்சினார், மற்றவர் தம் படத்தை ஊராரே மறப்பதற்கு அஞ்சினார். ஆனால் மரோவைத் தாக்கியது ஃபிளின்ட்காரர்கள் பத்திரிகையைக் கொளுத்தியபோது இருந்த அதே உணர்ச்சி: வீட்டுக்குள் சொல்லலாம், வெளியே தெரியக்கூடாது. அவ்வளவு துணிந்த மனிதரையும் அது விட்டுவைக்கவில்லை.

விளைவுகளை எடைபோடும்போது தராசு வேறு பக்கம் சாய்கிறது. கூச்சம் மெதுவாக வேலை செய்தது, ஆனால் சட்டமன்றம் வரை போனது. புலம்பெயர் தொழிலாளர்களுக்காக செனட்டர் ஹாரிசன் வில்லியம்ஸ் தலைமையில் ஒரு துணைக்குழு ஏற்கெனவே விசாரணை நடத்திக்கொண்டிருந்தது. படம் அதற்குப் பின்காற்றாக அமைந்தது. 1962இல் புலம்பெயர் தொழிலாளர் நலவாழ்வுச் சட்டம் வந்தது. 1966இல் அவர்களுடைய பிள்ளைகளின் கல்விக்கு நிதி வந்தது, குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் பெரிய பண்ணைகளின் தொழிலாளர்களைத் தொட்டது. கோபம் வேகமாக வேலை செய்தது, ஆனால் டிக்கெட் கவுண்டரோடு நின்றது. சுமார் 67 லட்சம் டாலர் வசூல், ஒரு புதிய ஆவணப்பட மரபு, 2013இல் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ஓர் இடம். ஃபிளின்டின் ஆலைகள் திறக்கவில்லை.

ஆனாலும் முழு வெற்றியை மரோவுக்கு அளித்துவிட முடியாது. 1970இல் என்பிசி தொலைக்காட்சி ‘மைக்ரன்ட்’ என்ற படத்தை அதே ஃப்ளோரிடாவில், ஏறக்குறைய அதே நிலைமைகளைக் காட்டி எடுக்க வேண்டியிருந்தது. மிகைநேர ஊதியம் தரும் கூட்டாட்சிச் சட்டத்தின் வரம்புக்கு வெளியேதான் விவசாயத் தொழிலாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். மூருக்கு முழுத் தோல்வி என்றும் சொல்ல முடியாது. நிறுவனத் தலைவர் ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்புக் கேட்கலாம் என்ற வழக்கம் அவருடைய பார்வையாளர்களிடம் பதிந்தது. மரோவின் பார்வையாளருக்கு முகவரி கிடைத்தது, அவசரம் கிடைக்கவில்லை. மூரின் பார்வையாளருக்கு அவசரம் கிடைத்தது, முகவரி கிடைக்கவில்லை. ஸ்மித்தின் அலுவலகக் கதவு தெரிந்தது, அதைத் தட்டிய பிறகு எங்கே போவது என்று படம் சொல்லவில்லை.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால், ஏற்றத்தாழ்வைப் பற்றிய எந்தப் படத்தின் முன்னும் உட்காரும் நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. எவ்வளவு அழுதோம், எவ்வளவு சினந்தோம், எவ்வளவு சிரித்தோம் என்பதல்ல அது. நம் எதிர்வினைக்காக நாம் எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்பதே அது. படம் தேதியை மாற்றியதா, மோசமானதை மட்டும் பொறுக்கியதா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அவை இரண்டாவதாகக் கேட்கப்பட வேண்டியவை. அவற்றை முதலில் கேட்பவர் படத்திடம் கணக்குக் கேட்கிறார். ஒரு நாள் முழுக்கக் காய் பறித்தும் ஒரு டாலர்தான் கிடைத்தது ஏன் என்று முதலில் கேட்பவர், தன்னிடமும் கணக்குக் கேட்டுக்கொள்கிறார்.